கேப்டனுக்கு யோசனை சொல்வது எப்படி?

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மாலை நேரங்களில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கப்பல் வேலைக்குக் காத்திருக்கும் பையன்கள். காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் எண்ணூர், மணலி தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸாக இருப்பவர்கள். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் மளமளவென்று பேசிவிடுவார்கள், இண்டர்வியூவுக்காக உருப்போட்டது. ‘உன் மேலதிகாரி தப்பான ஒரு காரியம் செய்யப் போகிறார், வேண்டாம் என்று அவரிடம் சொல்’ என்றால் மட்டும் வகுப்பு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும்.

“மிஸ், அவரு பெரிய ஆபீசரு. நான் போயி எப்டி மிஸ் யோசனை சொல்றது? கோச்சிக்கினா இன்னா பண்றது?” என்று ஒருவன் கேட்டான். அவன் பயம் நியாயமானது. வேலை போய்விடுமோ என்ற கவலை அதில் இருக்கிறது. ஆனால் யோசனை சொல்லத் தெரியாமல் போனால் சில இடங்களில் உயிரே போய்விடும். அதனால்தான் யோசனை சொல்வதை ஒரு தனிப் பாடமாகவே நடத்துகிறேன்.

கரையில் பேசும் ஆங்கிலம்

முதலில் அன்றாடப் பேச்சு. சேர்ந்து செய்கிற வேலைக்கு ‘லெட்ஸ்’, ‘ஷல் வீ’, ‘வை டோன்ட் வீ’ மூன்றும் பொருந்தும். ‘ஷல் வீ ஸ்டார்ட்?’ என்றால் ஆரம்பிக்கலாமா என்று எதிராளியின் சம்மதத்தையும் கேட்டுவிடுகிறோம். நண்பனிடம் ‘ஹவ் அபவுட்’ போதும். அடுத்தவரின் சொந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல ‘இஃப் ஐ வேர் யூ’ என்று தொடங்கினால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன் என்று ஆகிவிடும். முடிவு அவர் கையிலேயே இருக்கும். ‘யூ ஷுட்’ கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு சொல்வது. ‘யூ மஸ்ட்’ வேலையிடத்தில் கட்டாயம். அதையே பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ நூடுல்ஸ் கடையைக் காட்டி ‘யூ மஸ்ட் ட்ரை தி அத்தோ’ என்று சொன்னால் அன்பான உபசாரம்.

மேலதிகாரியிடம் பேசும்போது ‘யூ’வை ‘வீ’ ஆக்கிவிடுங்கள் என்று சொல்லித் தருகிறேன். ‘யூ ஷுட் செக் தி வால்வ்’ என்றால் நீ கவனிக்கவில்லை என்று குற்றம் சாட்டுவதாகக் கேட்கும். ‘குட் வீ செக் தி வால்வ் ஒன்ஸ் மோர், சார்?’ என்றால் பொறுப்பு இருவருக்கும் பொதுவாகிறது.

நம் பிள்ளைகள் விழுகிற பள்ளங்கள் இரண்டு. ஒன்று, ‘யூ ஹேட் பெட்டர்’. அதில் ‘பெட்டர்’ இருப்பதால் மரியாதையான யோசனை என்று நினைத்துச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவர் காதில் அது ‘செய்துவிடு, இல்லாவிட்டால் நடப்பதே வேறு’ என்று விழும். நண்பர்களுக்குள் சொல்லலாம், மேலே உள்ளவரிடம் கூடாது. இன்னொன்று, ‘ஐ ஸஜஸ்ட் யூ டு செக்’. அப்படி ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் கிடையாது. ‘ஐ ஸஜஸ்ட் வீ செக்’ என்பதே சரி. ‘டு’ வேண்டும் என்றால் ‘ஐ அட்வைஸ் யூ டு செக்’ என்று சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது இலக்கணப் புத்தகங்களிலும் கிடைக்கும். கப்பலுக்குப் போகிறவனுக்கு இது மட்டும் போதாது.

கடலில் பேசும் ஆங்கிலம்

கேப்டன் கிரேக்கர், சீஃப் ஆபீசர் உக்ரைனியர், மேல்தள ஊழியர் தலைவரான போசன் பிலிப்பைன்ஸ்காரர், சுக்கான் பிடிப்பவன் காசிமேட்டுப் பையன் என்று அமைவது கப்பலில் சாதாரணம். நால்வருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம். நால்வருக்கும் அது தாய்மொழி இல்லை. போதாததற்கு விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சல் வேறு. இந்த நிலையில் ‘யூ குட்’, ‘யூ மைட்’ என்று நயமாகப் பேசினால் ஒருவர் அதை அனுமதி என்பார், இன்னொருவர் எச்சரிக்கை என்பார்.

இதற்காக 1977-லேயே கடல்வழிக்கென்று ஓர் ஆங்கிலச் சொற்றொகுதியைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ ஏற்றுக்கொண்டது. அதை விரிவாக்கி, 2001 நவம்பரில் ‘ஸ்டாண்டர்ட் மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேஸஸ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. கப்பலோட்டும் அதிகாரியாகச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் இந்தத் தொடர்களைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தொகுப்பு செய்த காரியம் மிகத் துணிச்சலானது. பள்ளியில் நாம் பாடுபட்டுக் கற்றுத்தருகிற ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. ‘யூ ஷுட் ஆங்கர் இன் ஆங்கரேஜ் பி த்ரீ’ என்று சொல்லக் கூடாது. ‘அட்வைஸ். ஆங்கர் இன் ஆங்கரேஜ் பி த்ரீ’ என்று சொல்ல வேண்டும். ‘யூ குட் பி ரன்னிங் இன்டு டேஞ்சர்’ என்று இழுக்கக் கூடாது, ‘வார்னிங். யூ ஆர் ரன்னிங் இன்டு டேஞ்சர்’ என்று அடித்துச் சொல்ல வேண்டும். சொல்ல வருவது யோசனையா, எச்சரிக்கையா, கட்டளையா, வேண்டுகோளா, தகவலா, கேள்வியா, பதிலா, தன் நோக்கமா என்பதை முதல் சொல்லிலேயே அறிவித்துவிட வேண்டும். மொத்தம் 8 அறிவிப்புச் சொற்கள். அதன் பிறகு வருவது நேரான, வளைவில்லாத வாக்கியம்.

துறைமுக பைலட்டின் நிலையும் இங்கே கவனிக்கத்தக்கது. வெளிநாட்டுக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்குள் வரும்போது உள்ளூர் நீரோட்டமும் ஆழமும் தெரிந்த பைலட் ஏறிக்கொள்கிறார். ஆனாலும் கப்பலின் பொறுப்பு மாஸ்டர் எனப்படும் கேப்டனிடமே இருக்கிறது. ‘மாஸ்டரின் ஆணை, பைலட்டின் யோசனை’ என்பது கப்பல் பதிவேட்டு வழக்கு. அந்த யோசனை வாயிலிருந்து எப்படி வருகிறது? ‘போர்ட் டென்’. சுக்கான் பிடிப்பவன் அதைத் திருப்பிச் சொல்கிறான்: ‘போர்ட் டென்.’ பிறகு சுக்கானை இடப்பக்கம் 10 டிகிரி திருப்புகிறான். பதிவேட்டின்படி அது யோசனை, சொல்லும் விதத்தில் கட்டளை. தயவுசெய்து, முடிந்தால், நினைக்கிறேன் என்ற எதற்கும் அங்கே இடமில்லை.

பேசாத கேப்டன்

2007 நவம்பர் 7-ஆம் தேதி காலை, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கடும் மூடுபனி. காஸ்கோ பூசான் என்ற கண்டெய்னர் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. கேப்டன் சீனர், பைலட் அமெரிக்கர். கரையிலிருந்த கப்பல் போக்குவரத்து நிலையம், கப்பல் போகும் திசையைக் குறிப்பிட்டு ‘உங்கள் நோக்கம் என்ன’ என்று பைலட்டிடம் கேட்டது. ஆபத்தில் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. கப்பல் பே பாலத்தின் தூணை உரசிக் கிழிந்தது. ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் எண்ணெய் விரிகுடாவில் கொட்டியது. விசாரணை செய்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பைலட் உட்கொண்ட மருந்துகளால் அவரது திறன் குறைந்திருந்ததோடு, பைலட்டுக்கும் கேப்டனுக்கும் இடையே சரியான பேச்சு இல்லாததையும் காரணமாகச் சொன்னது.

விமானத்திலும் இதே சிக்கல் உண்டு. சார்லட் லிண்ட் என்ற மொழியியலாளர், விமான விபத்துகளின்போது விமானிகள் பேசிய பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்து 1988-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழ்நிலையில் இருப்பவர்கள் மென்மையாக்கிச் சொன்ன யோசனைகள் எடுபடாமல் போவது அதிகம் என்பது அவர் கண்டது. பணிவு காட்டியதால் பேச்சு காதில் ஏறவில்லை.

கடலில் மோதல் என்றால் என்ன என்று எங்கள் கரைக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கறுப்புக் குழம்பாக எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் இளைஞர்களும் அதை வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். மீன் வாங்க ஜனம் பயந்தது. கப்பல்கள் மோதக் காரணம் பல இருக்கலாம். விலை கொடுப்பது கரையில் இருப்பவர்கள். அதனால் கப்பலில் ஒருவன் நேரத்தில் வாய் திறப்பது எங்களுக்கும் சேர்ந்த காரியம்.

நான்கு அடி

கப்பலிலும் விமானத்திலும் கீழ்நிலை ஊழியர்களுக்குக் கற்றுத்தரும் முறை ஒன்று உண்டு. சுருக்கமாக ‘பேஸ்’ என்பார்கள். முதலில் கேட்பது, அடுத்து எச்சரிப்பது, பிறகு மறுப்பது, கடைசியில் அவசரம் என்று குரல் கொடுப்பது. எங்கள் வகுப்பில் ஒருவனை அதிகாரியாக உட்காரவைத்து, இன்னொருவனைக் கடலைக் கண்காணிக்கும் லுக்கவுட்டாக நிற்கவைத்து இதைப் பழக்குகிறேன்.

முதல் அடி: ‘சார், ஃபிஷிங் போட் ஆன் தி ஸ்டார்போர்ட் பவ். ஹேவ் யூ சீன் இட்?’ அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ என்கிறான். இரண்டாவது: ‘சார், ஐ ஆம் வொரீட். ஷீ இஸ் வெரி க்ளோஸ்.’ அதற்கும் ‘ம்’ தான். மூன்றாவது: ‘சார், வீ ஆர் இன் டேஞ்சர். ஐ ஸஜஸ்ட் வீ கால் தி கேப்டன் நௌ.’ நான்காவது அடியில் கேள்வியும் இல்லை, ‘ஐ ஸஜஸ்ட்’டும் இல்லை: ‘டேஞ்சர்! கால் தி கேப்டன்!’

முதல் நாள் எல்லோரும் இரண்டாம் அடியிலேயே நின்றுவிடுவார்கள். ‘சார்’ ஒன்று மட்டும் நீண்டுகொண்டே போகும். நான் விடுவதில்லை. நான்காவது அடி குரலில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைப்பேன். ‘சார்’ இருக்கட்டும், மரியாதை இருக்கட்டும். செய்தி தேய்ந்துவிடக் கூடாது. கப்பலைக் கரையோடு கட்டி இறுக்கத்தில் இருக்கும் மூரிங் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றால், முதல் மூன்று அடிக்கும் நேரமில்லை. கயிறு அறுந்து வீசினால் காலையோ உயிரையோ எடுத்துவிடும். அங்கே நேராக ‘ஸ்டெப் பேக்!’ என்று கத்த வேண்டியதுதான், நிற்பவர் கேப்டனாகவே இருந்தாலும்.

எந்த அடியில் தொடங்குவது என்பதற்கு நான் சொல்வது ஒரே அளவுகோல்: எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார். கரை வேலையில் நேரம் இருந்தால் ‘குட் வீ’. நேரம் குறைந்தால் ‘ஐ ஸஜஸ்ட் வீ’. நேரமே இல்லையென்றால் வினைச்சொல் மட்டும்.

ஐடிஐ ஆசிரியர்களுக்கும், கப்பல் பயிற்சி நிலையங்களுக்கும், பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யோசனைச் சொற்களைப் பட்டியலாக எழுதிப்போட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்து, மேலே உள்ளவரிடம் ‘வேண்டாம் சார், இது ஆபத்து’ என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லவையுங்கள். மேலதிகாரிகளாக இருப்பவர்களுக்கும் ஒன்று: அப்படி ஒரு பையன் வந்து சொன்னால் கோபப்படாதீர்கள். அவன் சொன்னதைச் சரிபார்த்துவிட்டு, சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்த முறையும் அவன் வாய் திறப்பான்.