வெயில் வரையும் ஓவியம்

நுழையும்முன்

ஒரு பொருளைப் பார்த்து வரைவது ஒரு கலை. அப்பொருளே தன் உருவைத் தாளில் பதித்துச் செல்லுமாறு செய்வது மற்றொரு கலை. பின்னதற்குத் தூரிகையும் வேண்டா. ஒளிப்படக் கருவியும் வேண்டா. வெயிலும் வெயிலால் நிறம் மாறும் ஒரு சாயமும் போதும். இவ்வாறு உருவாகும் ‘வெயிலச்சு’ தோன்றிய வரலாற்றையும், அதனை வீட்டிலேயே உருவாக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடுக்களையில் உள்ள அறிவியல்

வெள்ளைத் துணியில் குழம்பு சிந்தினால் மஞ்சள் கறை படிகிறது. சோப்பு பட்டவுடன் அக்கறை சிவக்கிறது. நீரில் அலசியபின் மீண்டும் மஞ்சளாகிறது. எவ்வளவு தேய்த்தும் நீங்காத அக்கறை, துணியைச் சில நாள் வெயிலில் உலர்த்தினால் மங்கி மறைந்துவிடுகிறது. நம் வீடுகளில் அனைவரும் அறிந்த செய்தி இது. இதனுள் இரண்டு வேதியியல் உண்மைகள் அடங்கியுள்ளன.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் சேர்மம். காரத்தன்மையுள்ள பொருளோடு சேரும்போது அது செந்நிறம் கொள்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் மரபுக்கு அடிப்படை இதுவே. அதே குர்குமின், கதிரவன் ஒளியில் நெடுநேரம் இருந்தால் சிதைந்து நிறம் இழக்கிறது. ஒளி பட்ட இடம் வெளுக்கும், ஒளி படாத இடம் வெளுக்காது என்னும் இவ்வேறுபாடே ஓர் உருவத்தை வரையப் போதுமானது.

ஒரே ஆய்வில் இரு வழிகள்

தாவரச் சாறுகளின் மீது ஒளி நிகழ்த்தும் மாற்றத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஆங்கிலேய வானியலாளர் சர் ஜான் ஹெர்ஷல். மலர்களையும் இலைகளையும் பிழிந்தெடுத்த சாற்றைத் தாளில் பூசி வெயிலில் வைத்து, எந்நிறம் எவ்வளவு விரைவில் மங்குகிறது என்று அவர் குறித்துவைத்தார். அவ்வாய்வு 1842ஆம் ஆண்டு வெளிவந்தது. தாவரச் சாற்றால் உருவாகும் இப்படங்கள் பின்னர் ‘ஆந்தோடைப்’ எனப் பெயர் பெற்றன.

அதே ஆய்வுக் கட்டுரையில் வேறொரு வழியையும் ஹெர்ஷல் அறிவித்தார். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகிய இரண்டின் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி உலர்த்த வேண்டும். அத்தாளின்மீது புற ஊதாக்கதிர் படும்போது அதிலுள்ள இரும்பு அயனி ஒடுக்கம் அடைகிறது. அதன் விளைவாக நீரில் கரையாத அடர்நீல நிறமி தாளின் இழைகளில் தங்குகிறது. ஒளி படாத இடத்தில் உள்ள கலவையோ வெறும் நீரிலேயே கரைந்து நீங்கிவிடுகிறது. நீலத்தின் நடுவே வெண்ணிறத்தில் உருவம் தோன்றும் இம்முறைக்குச் ‘சயனோடைப்’ என்று பெயர். பொறியாளர்கள் தம் வரைபடங்களைப் படியெடுக்கப் பிற்காலத்தில் நெடுங்காலம் பயன்படுத்திய நீலப்படி இம்முறையில் உருவானதே.

கடற்பாசிகளின் நூல்

சயனோடைப் முறையை அறிவுக்குரிய கருவியாக மாற்றியவர் அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1799ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையிலேயே ஓவியத்தில் தேர்ந்தவர். தம் தந்தை மொழிபெயர்த்த சிப்பிகள் பற்றிய நூலுக்காக 250க்கும் மேற்பட்ட படங்களைக் கையால் வரைந்தவர்.

இத்தகைய கைத்திறன் பெற்றவரே, கடற்பாசிகளைப் பதிவுசெய்ய முற்பட்டபோது தூரிகையைக் கீழே வைத்தார். மயிரிழை போன்ற நுண்கிளைகளைக் கொண்ட பாசிகளைக் கண்ணால் பார்த்துப் பிழையின்றி வரைவது அரிது என அவர் உணர்ந்திருந்தார். எனவே, உலர்த்திய பாசியையே தாளின்மீது வைத்து வெயிலில் காட்டினார். பிரித்தானியக் கடற்பாசிகளைப் பற்றிய அவரது நூலின் முதற்பகுதி 1843ஆம் ஆண்டு வெளிவந்தது. 1853ஆம் ஆண்டு பணி நிறைவுற்றது. ஒளிப்படங்களால் அமைந்த முதல் நூலாக அது கருதப்படுகிறது. ஏறத்தாழ 400 பக்கங்களைக் கொண்ட அந்நூலின் ஒவ்வொரு படியிலும், ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே வெயிலில் வைத்து எடுக்கப்பட்டது. அவர் ஹெர்ஷலுக்கு வழங்கிய படி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

அட்கின்ஸ் தம் நூலின் முன்னுரையில் முழுப்பெயரை எழுதாமல் இரண்டு முதலெழுத்துகளை மட்டுமே இட்டார். அவ்விரண்டும் ‘பெயர் வெளியிடாத ஆர்வலர்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடருக்கும் முதலெழுத்துகளாக அமைந்திருந்தன. அதனால், நூலைப் பிற்காலத்தில் கண்ட ஒருவர் அவற்றுக்கு அப்பொருளையே கொண்டார். பாசிகளின் உருவைத் தெளிவாகக் காட்டிய நூலில் அதனை உருவாக்கியவரின் பெயர் நெடுங்காலம் மறைந்திருந்தது.

மஞ்சளால் ஒரு வெயிலச்சு

சயனோடைப் முறைக்குரிய வேதிப்பொருள்களை வேதியியல் ஆசிரியரின் துணையோடு ஆய்வகத்தில் கையாள்வதே முறை. வீட்டில் செய்வதற்கு மஞ்சள் ஏற்றது.

குர்குமின் நீரில் எளிதில் கரையாது, எத்தனாலில் கரையும். எனவே, ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளில், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை நான்கைந்து தேக்கரண்டி ஊற்றிக் கலக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டிக் கொள்ள வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகே இதனைச் செய்யக்கூடாது. வடித்த சாயத்தைத் தடித்த ஓவியத் தாளில் சீராகப் பூசி, ஒளி படாத அறையில் உலரவிட வேண்டும்.

பதிக்கும் பொருளைத் தேர்வதில் கவனம் தேவை. முருங்கை இணுக்கு, வேப்பிலை, பெரணி இலை போன்ற தட்டையானவை பொருத்தமானவை. பறித்தவுடன் பயன்படுத்தினால் இலையின் ஈரம் சாயத்தைக் கலைக்கும். ஆதலால், செய்தித்தாளின் இடையே ஒரு நாள் அழுத்தி வைத்து எடுத்துக்கொள்வது நன்று. இலையைத் தாளின்மீது பரப்பி, அதன்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, அசையாதவாறு கவ்விகளால் இறுக்க வேண்டும். இலைக்கும் தாளுக்கும் இடையே இடைவெளி இருந்தால், கதிரவன் நகர நகர நிழலும் நகரும். விளிம்பு தெளிவின்றி அமையும்.

நல்ல வெயிலில் இதனைச் சில மணிநேரம் வைத்திருக்க வேண்டும். மேகமூட்டத்திற்கும் பருவத்திற்கும் ஏற்பக் காலஅளவு மாறும். சுற்றியுள்ள மஞ்சள் வெளுத்த பின் இலையை எடுத்தால், அதன் வடிவம் மட்டும் மஞ்சளாக நிற்கும். அத்தாளை ஆப்பச்சோடா கரைத்த நீரில் ஒருமுறை தோய்த்தெடுத்தால், எஞ்சிய மஞ்சள் செம்மை கொள்ளும். வெளுத்த பகுதியில் மாற்றம் குறைவாக இருக்கும். துணியில் கறையாகக் கண்ட இரு மாற்றங்களும் இங்கே ஓவியமாகின்றன.

அச்சு கூறுவதும் கூறாததும்

வெயிலச்சில் இலை தன் இயற்கை அளவிலேயே பதிகிறது. பூச்சி அரித்த துளையும் முறிந்த நுனியும் உள்ளவாறே தோன்றுகின்றன. கையால் வரைபவர் தம்மையறியாமல் அத்துளையை நிரப்பிவிடக்கூடும். ஒளி அவ்வாறு செய்வதில்லை. அட்கின்ஸ் இம்முறையைத் தேர்ந்ததன் பயன் இங்கு விளங்கும்.

ஆயினும், அச்சு அனைத்தையும் கூறுவதில்லை. இலையின் நிறமோ மணமோ அதில் இல்லை. தடித்த இலையின் நரம்புகளும் அதில் தெரிவதில்லை. நீரில் ஊறி நரம்பு மட்டும் எஞ்சிய அரசிலையைப் பதித்தால் நரம்பமைப்பு தெரியும். ஆனால், இலை முழுமையாக இருந்த நிலை தெரியாது. ஒளியை எது தடுத்தது என்பது மட்டுமே அச்சு தரும் சான்று. ஒரு சான்று எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை எனப் பகுத்தறிவது எல்லாத் துறை ஆய்வுக்கும் அடிப்படையாகும்.

காப்பதன் அருமை

மஞ்சள் அச்சை நிலைநிறுத்தும் வழி எளிதாக இல்லை. உருவத்தை வரைந்த அதே வெயில், எஞ்சிய மஞ்சளையும் மெல்ல மெல்ல வெளுக்கச் செய்யும். சயனோடைப்பின் நீலம் அதனினும் உறுதியானது. மிகுந்த ஒளியில் சற்று மங்கினாலும், இருளில் வைத்தால் பெருமளவு மீளும். எனினும், காரம் பட்டால் அதுவும் சிதையும். அட்கின்ஸின் நீலப் பக்கங்கள் 170 ஆண்டுகளைக் கடந்து நிற்பதற்கு, அவை மூடிய நூலுக்குள் காக்கப்பட்டதும் காரணமாகும்.

ஆகவே, நீங்கள் உருவாக்கும் அச்சைச் சுவரில் மாட்டாமல் குறிப்பேட்டினுள் வையுங்கள். அருகில் செடியின் பெயர், பறித்த இடம், நாள், வெயிலில் வைத்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அதே இலையைப் பார்த்துக் கையாலும் ஒரு படம் வரைந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டையும் ஒப்பிடும்போது, உங்கள் கண் காணத் தவறியது எது என்பதை அச்சு காட்டும். அச்சால் காட்ட இயலாதது எது என்பதை உங்கள் ஓவியம் காட்டும்.