விதைத் துவரையும் வெள்ளைப் பொடியும்

நான் பாவாடை கட்டித் திரிந்த வயசில், விதைத் துவரைக்கு அம்மா டி.டி.டி. பொடி தூவுவாங்க, கையால் பிசறிவிடுவது என் வேலை. வண்டைக் கொல்லுறது நம்மை என்ன செய்யும்னு யாரும் கேட்கலை.

கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை பிரசவமான பெண்களின் ரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். பார்பரா கோன் குழுவினர் அதைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள்: 14 வயதுக்குள் டி.டி.டி.க்கு ஆட்பட்டு, ரத்தத்தில் அது மிகுந்திருந்தவர்களுக்கு, 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. அந்த வயசைத் தாண்டிய பிறகு ஆட்பட்டவர்களிடம் இந்தக் கூடுதல் தெரியவில்லை. மார்பு வளரும் பருவம்தான் கணக்கு. அதைப் படித்த அன்று என் கைகளைத்தான் பார்த்தேன்.

விவசாயத்தில் டி.டி.டி. 1989இல் தடையானது. ஆனால் வேறு மருந்துகள் வந்தாச்சு. அடிக்கிற வயலுக்குத் தண்ணி சுமக்க இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களைத்தான் கூப்பிடுறாங்க. பேத்தியை நான் விடுவதில்லை. மகனுக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

இந்த வருஷ விதைத் துவரைக்குச் செம்மண் கட்டினோம். பிசறியது பேத்திதான்.