வாலை வெட்டும் விளையாட்டு: மாதிரி விமானச் சண்டையில் உரிமையும் ஆபத்தும் தீர்வும்

தரையில் நிற்பவர் ரேடியோ அலைகளால் இயக்கும் சிறு மாதிரி விமானங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் ஒரே வான்பரப்பில் பறக்கவிட்டு, ஒன்றன் பின்னால் கட்டப்பட்ட கிரேப் காகித நாடாவை மற்றொன்றின் புரொப்பெல்லராலோ இறக்கையாலோ வெட்டி வீழ்த்த முயல்வதே மாதிரி விமானச் சண்டை எனப்படும் விளையாட்டு. அமெரிக்காவில் இது நடுவர்களும் புள்ளிக் கணக்கும் கொண்ட போட்டியாக நடப்பதுண்டு; கழக மைதானத்தில் வார இறுதியில் கூடும் நண்பர்கள் முன்னேற்பாடு அதிகமின்றி நடத்தும் பொழுதுபோக்காகவும் நடப்பதுண்டு. நடுவர் இல்லாத இடத்தில் சட்டமும் இல்லை என்ற தவறான எண்ணம் இரண்டாவது வகையில் எளிதில் வேர்விடுவதால், அதைப் பற்றிய விழிப்புணர்வே அதிகம் தேவைப்படுகிறது.

இவ்விளையாட்டின் நாகரிகம் அந்தக் காகித நாடாவில் அடங்கியிருக்கிறது. தாக்கவேண்டிய இலக்கை விமானத்திலிருந்து காகிதத்துக்கு மாற்றியதன் மூலம், சண்டை என்ற பெயர் இருந்தும் சேதம் குறிக்கோளாகாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் காகிதத்தைத் துரத்தும் விமானங்கள் மோதிக்கொள்வது தவிர்க்க முடியாதது. அந்த மோதலின் விளைவு, அதற்குச் சம்மதித்தவர்களின் வட்டத்துக்குள் நின்றதா, சம்மதிக்காத ஒருவர்மீது போய் விழுந்ததா என்ற கேள்வியிலேயே உரிமை, பொறுப்பு, இழப்பீடு ஆகிய அனைத்தும் தங்கியுள்ளன.

ஆபத்தின் அளவு

சண்டைக்குப் பயன்படும் சிறு விமானங்கள் பெரும்பாலும் நுரைப்பொருளால் ஆனவை. அவற்றுள் விரிவூட்டப்பட்ட பாலிபுரொப்பிலீன் என்னும் வகை, அடிபட்டாலும் நசுங்கி மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பக்கூடியது என்பதால் விரும்பப்படுகிறது. பொருள் மென்மையாக இருப்பதனால் ஆபத்தும் மென்மையாகிவிடுவதில்லை. அரைக் கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கையில் அதன் இயக்க ஆற்றல் 100 ஜூல். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோ கல் தரையைத் தொடும்போது கொண்டிருக்கும் ஆற்றலும் ஏறத்தாழ இதுவே. அதே வேகத்தில் எதிரெதிராக வரும் இரு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்குவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் என்பதால், விலகிச்செல்ல முடிவெடுக்கும் அவகாசம் கண்ணிமைக்கும் நேரமே.

புரொப்பெல்லரின் ஆபத்து இதனினும் நெருக்கமானது. நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் ஒன்பது அங்குல புரொப்பெல்லரின் முனை மணிக்கு ஏறத்தாழ 430 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. சண்டை விமானங்கள் பலவற்றில் மோட்டார் இறக்கையின் பின்புறம் இருப்பதால், கையால் வீசிப் பறக்கவிடுபவரின் விரல்களை ஒட்டியே அது சுழல்கிறது. வீசிய கை விலகிய பிறகே மோட்டாரை முடுக்கும் பழக்கம் இக்காரணத்தால் இன்றியமையாதது. வெட்டப்பட்ட நாடா மோட்டார் அச்சில் சுற்றிக்கொண்டு விமானம் தரையிறங்கும்போது, நாடாவைப் பிரிக்கக் கை நீட்டுவதற்கு முன்பே மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். சிக்கிய நாடா அறுந்த நொடியில், அதுவரை திணறிக்கொண்டிருந்த மோட்டார் முழு விசையுடன் சுழலக்கூடும்.

மூன்றாவது ஆபத்து தீ. இவ்விமானங்களுக்கு ஆற்றல் தரும் லித்தியம் பாலிமர் மின்கலம் மோதலில் நசுங்கினால், உள்ளே நேர், எதிர் மின்தகடுகளைப் பிரிக்கும் மெல்லிய படலம் கிழிந்து குறுக்குச்சுற்று உண்டாகலாம். அது உடனே வெளித்தெரிய வேண்டியதில்லை. குளிர்ந்திருப்பதுபோல் தோன்றும் மின்கலம் சில நிமிடங்கள் கழித்து உப்பி, புகைந்து, தீப்பிடிக்கக்கூடும். ஆகவே அடிபட்ட மின்கலத்தைப் பையிலோ காரிலோ வைக்காமல், மணல் நிரப்பிய வாளியில் திறந்தவெளியில் வைத்துக் கவனித்திருப்பதே முறை. கோடையில் புல் காய்ந்து கிடக்கும் கலிஃபோர்னியா போன்ற மாநிலத்தில் இது வெறும் அறிவுரையாக நிற்பதில்லை. கவனக்குறைவால் தீ மூட்டியவர் பிறர் சொத்துக்கு நேர்ந்த சேதத்தோடு தீயணைப்புச் செலவையும் ஏற்கவேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கூறுகிறது.

மாதிரி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதற்குச் சான்று தேவைப்படின், 2013-இல் நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில் இளைஞர் ஒருவர் தாமே இயக்கிய மாதிரி ஹெலிகாப்டர் தாக்கி உயிரிழந்ததை நினைவில் கொள்ளலாம்.

கூட்டாட்சிச் சட்டம் விதிக்கும் கடமைகள்

அமெரிக்க வான்பரப்பை மேற்பார்வையிடும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பார்வையில், காகித நாடா கட்டிய நுரை விமானமும் ஆளில்லா வானூர்தியே. 2018-இல் இயற்றப்பட்ட சட்டம், பொழுதுபோக்குக்காகப் பறப்போர்க்கு எட்டு நிபந்தனைகளின்பேரில் தனிச்சலுகை அளித்தது. பறத்தல் பொழுதுபோக்குக்காக மட்டுமே இருத்தல், அங்கீகாரம் பெற்ற சமூக அமைப்பு ஒன்றின் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றுதல், விமானம் எப்போதும் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருத்தல், ஆள் ஏறிய விமானத்துக்கு வழிவிடுதல், விமான நிலையங்களைச் சூழ்ந்த கட்டுப்பாட்டு வான்பரப்பில் முன் அனுமதி பெறுதல், கட்டுப்பாடற்ற வான்பரப்பில் 400 அடிக்கு மேல் செல்லாமை, 'டிரஸ்ட்' எனப்படும் இலவசப் பாதுகாப்புத் தேர்வில் தேறிச் சான்றிதழை வைத்திருத்தல், விமானத்தைப் பதிவு செய்து எண்ணைப் பொறித்தல் என்பவையே அவை. இவற்றில் ஒன்று தவறினாலும் அச்சலுகை அற்றுப்போய், தொழில்முறை இயக்குநர்க்குரிய கடுமையான விதிகள் வந்து பொருந்துகின்றன.

பதிவு, 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள விமானங்களுக்குத் தேவை. கட்டணம் ஐந்து டாலர், மூன்றாண்டுகள் செல்லும், ஒருவர் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் எல்லா விமானங்களுக்கும் ஒரே எண் போதும். 13 வயது நிறைந்தவரே பதிவு செய்யலாம் என்பதால், அதற்கும் இளைய பிள்ளைகளுக்காகப் பெரியவர் ஒருவர் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குரிய விமானங்கள், தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் பறக்கும்போதே ஒலிபரப்பும் 'ரிமோட் ஐடி' ஏற்பாட்டையும் கொண்டிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாதவை, நிர்வாகம் அங்கீகரித்த அடையாளப் பகுதிகளில் மட்டுமே பறக்கலாம். கழக மைதானம் அத்தகைய அங்கீகாரம் பெற்றதா என்று உறுதி செய்துகொள்வது ஒவ்வோர் உறுப்பினரின் கடமை. விதிமீறல் ஒவ்வொன்றுக்கும் 75,000 டாலர் வரை தண்டம் விதிக்க 2024-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

சண்டை என்ற சொல்லால் தூண்டப்பட்டு, விமானத்தில் கத்தி முனையையோ வெடிபொருளையோ பொருத்த நினைப்போர் அறியவேண்டிய விதி வேறொன்றும் உண்டு. ஆபத்தான ஆயுதம் தாங்கிய ஆளில்லா வானூர்தியை இயக்குவதை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே தடைசெய்து, மீறல் ஒன்றுக்கு 25,000 டாலர் வரை தண்டம் விதிக்கிறது.

சம்மதித்தவரும் சம்மதிக்காதவரும்

சண்டையில் கலந்துகொள்பவர் அதற்கே உரிய ஆபத்துகளை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுகிறார். 1992-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நண்பர்கள் கூடி ஆடிய பந்தாட்டம் ஒன்றில் நேர்ந்த காயம் குறித்த வழக்கில், சக ஆட்டக்காரரின் சாதாரணக் கவனக்குறைவுக்காக இழப்பீடு கோர முடியாது என்றும், வேண்டுமென்றே காயப்படுத்தினாலோ, ஆட்டத்தின் இயல்புக்கு முற்றிலும் புறம்பான முரட்டுத்தனத்தோடு நடந்தாலோதான் பொறுப்பு எழும் என்றும் தீர்ப்பளித்தது. இக்கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்தால், சண்டையில் நொறுங்கிய விமானத்தின் விலையை மோதியவரிடம் கேட்பதற்கில்லை என்பதும், பறப்போர் நிற்கும் வரிசைக்கு மேலே திட்டமிட்டுத் தாழப் பாய்ந்து ஒருவரைக் காயப்படுத்தியவர் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது என்பதும் விளங்கும்.

வட்டத்துக்கு வெளியே நிற்பவரின் நிலை வேறு. பட்டம் விடும் இருவரின் போட்டியில், பட்டத்தையே தொடாத இருசக்கர வாகன ஓட்டியின் கழுத்தை மாஞ்சா நூல் அறுத்த கொடுமைகளைத் தமிழ் வாசகர் நன்கறிவர்; அங்கே நியாயத்தை உலுக்குவது, விளையாடாதவர் விளையாட்டின் விலையைக் கொடுத்தார் என்பதே. மாதிரி விமானச் சண்டையிலும், வேலிக்கு அப்பால் நடப்பவரும், பக்கத்து வீட்டுக்காரரும், அதே மைதானத்தில் பயிற்சி விமானத்தை அமைதியாக ஓட்டிக்கொண்டிருக்கும் மற்றோர் உறுப்பினரும் எந்தச் சண்டைக்கும் சம்மதம் தரவில்லை. அவர்களுக்கு நேரும் இழப்புக்குச் சாதாரணக் கவனக்குறைவே பொறுப்பை உண்டாக்கப் போதுமானது.

கழகம் கையெழுத்து வாங்கும் பொறுப்பு விடுவிப்புப் படிவம் எல்லாவற்றையும் மூடிவிடும் கவசமாகாது. கடும் கவனக்குறைவிலிருந்து முன்கூட்டியே விடுவிக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்று அதே நீதிமன்றம் 2007-இல் கூறியது.

ஆகவே சம்மதத்தின் எல்லையைக் கண்ணுக்குத் தெரியும் கோடாக வரைவதே கழகத்தின் முதற்கடமை. சண்டைக்கென நேரம் ஒதுக்கி அந்நேரத்தில் பிறர் விமானங்களைத் தரையிறக்குதல், பார்வையாளரைப் பறப்போருக்குப் பின்னால் வெகுதொலைவில் நிறுத்துதல், அவ்விரு வரிசைகளுக்கும் மேலே சண்டை வராமல் தடுத்தல், பறப்போர்க்குத் தலைக்கவசமும் கண்ணாடியும் கட்டாயமாக்குதல், சமிக்ஞை அறுந்தால் மோட்டார் தானே நிற்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு விமானத்திலும் முன்னதாகச் சோதித்தல், ஆள் ஏறிய விமானம் வருகிறதா என்று வானத்தை மட்டுமே கவனிக்க ஒருவரை நியமித்தல் ஆகியவை அந்தக் கோட்டின் பகுதிகள்.

காப்பீடும் தீர்வு வழிகளும்

1936-இல் தொடங்கப்பட்டு, இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் தலைமையகம் கொண்ட அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ், அமெரிக்க மாதிரி விமானக் கழகங்களின் பேரமைப்பு. அதன் உறுப்பினர்க்குப் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு உண்டு; ஆனால் அது உறுப்பினரின் வீட்டுக் காப்பீடு முதலியவை தீர்ந்த பிறகே உதவிக்கு வரும் மேல்நிலைக் காப்பீடு என்பதும், பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றியதையே அடிப்படையாகக் கொண்டது என்பதும் பலரும் கவனிக்கத் தவறுபவை. பரவலாக வழங்கும் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரங்கள் விமானத்தால் வரும் பொறுப்பை விலக்கினாலும், ஆளையோ சரக்கையோ ஏற்றாத மாதிரி விமானத்தை அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. எனினும் சொந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் படித்தறிவதே உறுதியான வழி.

காயமோ சேதமோ நேர்ந்தபின், காயமுற்றவருக்குச் சிகிச்சை அளித்த கையோடு, விமானம் விழுந்த இடத்தையும் அதன் மேற்பரப்பில் உள்ள பதிவு எண்ணையும் படம்பிடித்து, சாட்சிகளின் பெயரைக் குறித்து, மருத்துவ அறிக்கையைப் பாதுகாத்து, கழகப் பாதுகாப்பு அலுவலருக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு விதிமீறலைக் கூட்டாட்சி நிர்வாகத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். கலிஃபோர்னியாவில் உடற்காயத்துக்கு இரண்டாண்டுகளுக்குள்ளும், பொருட்சேதத்துக்கு மூன்றாண்டுகளுக்குள்ளும் வழக்கிட வேண்டும். 12,500 டாலர் வரையான தனிநபர் கோரிக்கையை, வழக்கறிஞர் வாதிடாத சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். மைதானம் நகராட்சிக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ உரியதாக இருந்து, காயத்துக்கு அந்த அமைப்பையும் பொறுப்பாக்க வேண்டுமெனில், அதனிடம் ஆறு மாதங்களுக்குள் கோரிக்கை மனு அளித்தாக வேண்டும். இந்தக் குறுகிய கெடுவை அறியாமல் உரிமையை இழக்க நேரலாம். பாதிக்கப்பட்டவரின் பங்கிலும் தவறு இருந்தால், அந்த விகிதத்துக்கேற்ப இழப்பீடு குறையுமே தவிர, கோரும் உரிமை அற்றுப்போவதில்லை.

இவ்விளையாட்டைத் தமிழ்நாட்டில் முயல விரும்புவோர்க்குப் பொருந்துவது, 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்திய டிரோன் விதிகள். கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகவே கண்பார்வைக்குள் இயக்கப்படும் 25 கிலோவுக்கு மேற்படாத வானூர்தியை அவை மாதிரி எனத் தனியாகப் பகுத்து, வகைச்சான்றிலிருந்து விலக்களிக்கின்றன. ஆயினும் பச்சை, மஞ்சள், சிவப்பு என வான்பரப்பைப் பிரிக்கும் கட்டுப்பாடு அவற்றையும் பிணைக்கிறது.

நாடு எதுவாயினும், மைதானத்தில் வரையும் கோட்டுக்கு உட்பட்டே இவ்விளையாட்டின் மகிழ்ச்சி நிலைக்கிறது. வெட்டுண்ட காகிதத் துண்டு காற்றில் மிதந்து இறங்குவதை, கோட்டுக்கு அப்பால் நிற்கும் குழந்தை அச்சமின்றிக் கைதட்டிப் பார்க்க முடிகிற மைதானமே, சண்டையை விளையாட்டாக வைத்திருக்கக் கற்ற மைதானம்.