பூட்ஸைக் கழற்றிக் காலைப் பாருங்கள்



முகத்துக்குப் பவுடர் போடுகிறோம், தலைக்கு எண்ணெய் வைக்கிறோம். விடியற்காலைப் பிரட்டிலிருந்து வேலை முடியும்வரை நம்மைச் சுமக்கிற காலை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டணத்திலே காலைக் கழுவித் தேய்த்து நகம் வெட்டிவிட அழகு நிலையங்கள் இருக்கின்றன. கல்யாணம், தீபாவளி என்றால் நம் பெண்பிள்ளைகளும் போய் வருகிறார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் அடுத்த தீபாவளி வரைக்கும் அந்தக் காலை வீட்டில் நாம்தானே பார்க்க வேண்டும்?

ரப்பர் பூட்ஸுக்குள் காற்றுப் போகாது. வேர்வையில் ஊறிய விரலிடுக்கு, முக்கியமாகச் சுண்டு விரலுக்குப் பக்கத்து இடுக்கு, வெள்ளையாக வெந்து அரிக்கும். இதுதான் சேற்றுப்புண். ஒரு வகைப் பூஞ்சைக் காளான் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவினால் போதாது, ஒவ்வொரு இடுக்கையும் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். அந்த இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். ஈரம் இன்னும் தங்கும். குளோட்ரிமசோல் களிம்பு கொடுத்தால், அரிப்பு நின்ற மறுநாளே டியூப்பைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடுகிறீர்கள். குறைந்தது இன்னும் இரண்டு வாரம் பூச வேண்டும். காலுறையைத் தினம் மாற்றுங்கள். பூட்ஸைக் கவிழ்த்துக் காய வையுங்கள்.

குதிகால் வெடிப்புக்குப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்து, வாஸ்லின் பூசிக் காலுறை போட்டுப் படுங்கள். பிளேடால் சீவ வேண்டாம்.

இவ்வளவும் நல்ல உடம்புக்காரர்களுக்கு. இனிப்பு நீர் உள்ளவர்கள் காலை ஊற வைக்கவே கூடாது. 2023-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். இந்த நோய் நரம்பை மரத்துப்போகச் செய்யும். குத்தினாலும் சுட்டாலும் தெரியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர் காய்ச்சலென்று வந்தார். இனிப்பு நீர்க்காரர் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குக் கூட்டம். காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று நாள் கழித்து மனைவி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். பூட்ஸைக் கழற்றினால் நாற்றம். அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு செம்பனை முள் உள்ளே நின்றது. அந்த முள்மேலேயே அவர் நாள் கணக்கில் வேலை செய்திருக்கிறார், "வலிக்கவே இல்லையே தம்பி" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். முதல் நாளே நான் காலைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது என் தப்பு.

ஆகவே இனிப்பு நீர்க்காரர்களே, பூட்ஸ் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், இல்லை பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிக்கிற சுடுதண்ணீரை முழங்கையால் சோதியுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரி உங்களுக்கு ஆகாது. வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போடுங்கள். தீமிதிக்கு நேர்ந்துகொள்ளுமுன் ஒரு வார்த்தை டாக்டரிடம் கேளுங்கள். அம்மன் கோபிக்க மாட்டாள்.

முள் ஆழமாகக் குத்தினால் யாராக இருந்தாலும் வாருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும். புண்ணில் காப்பித்தூளும் மண்ணெண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் மூடினால் போதும். புண்ணைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றைக்கே கிளினிக் வந்துவிடுங்கள். காய்ச்சலுக்கு வந்தாலும் சரி, பூட்ஸைக் கழற்றச் சொல்வேன். முகம் சுளிக்காதீர்கள்.