அது பேரா, தும்மலா?

எங்க ஆபீஸில் யாருக்காவது குழந்தை பிறந்தால், ஸ்வீட் வாயில் கரைவதற்குள் விமர்சனம் ஆரம்பம்! 'தக்‌ஷித்' என்றால், "பேரா சார், தும்மலா?" என்பார் 'ஹன்விகா'வின் அப்பா. அவர் நகர்ந்ததும், "அவங்க வெச்சது மட்டும் என்னவாம்? சோப்புப் பேர்!" என்பார் இவர்.

புதுப்பேர் பாவமில்லை. 1953-ல் ரஷ்யாவின் ஸ்டாலின் இறந்த அதே வாரம் பிறந்த மகனுக்கு அந்தப் பேரை வைத்தார் கலைஞர். இன்று அதைக் கேட்டு நம்மூரில் யார் ரஷ்யாவை நினைக்கிறார்கள்? பழகிப்போச்சு!

ஆனா, நியூமராலஜிக்காக ரெண்டு 'ஏ', ஒரு 'ஹெச்' சேர்க்கிறோமே... ஸ்கூலிலிருந்து பாஸ்போர்ட் ஆபீஸ் வரை எழுத்தெழுத்தாச் சொல்லி மாளப்போவது அந்தப் பிள்ளைதானே?

அவசரமே வேண்டாம். பேரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பேர் சேர்க்கலாம். அப்புறமும் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை வழியிருக்கிறது. அதற்குள் ஒரு டெஸ்ட்... வாசலில் நின்று அந்தப் பேரை மூணு தடவை உரக்கக் கூப்பிடுங்க. அடுத்து, பாட்டியைக் கூப்பிடச் சொல்லுங்க. பல்செட் நழுவாமல் பாட்டி பாஸ் பண்ணிட்டாங்களா? எதிர்வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், விடுங்க!