கெய்ர்ன்கோர்ம் மலைநடை

கெய்ர்ன்கோர்ம் என்பது ஸ்காட்லாந்தின் உயர்நிலப் பகுதியில், அவிமோர் என்னும் சிற்றூருக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள ஒரு மலையாகும். இதன் உயரம் 1,245 மீட்டர். ஐக்கிய இராச்சியத்தின் மலைகளுள் உயரத்தில் இது ஆறாவதாகும். கேலிக் மொழியில் இப்பெயர் "நீல மலை" என்று பொருள்படும். இம்மலையைச் சூழ்ந்த பகுதி 2003 முதல் கெய்ர்ன்கோர்ம்சு தேசியப் பூங்காவாக உள்ளது.

மலையின் வடமேற்குச் சரிவில் பனிச்சறுக்குத் தளம் ஒன்று உள்ளது. அதற்காக 1960 ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்ட சாலை கோரி காஸ் வாகன நிறுத்துமிடம் வரை செல்கிறது. அவ்விடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 630 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதாவது மலையின் பாதி உயரத்தை ஊர்தியிலேயே கடந்துவிடலாம். எனவே இது எளிய மலை எனப் பெயர் பெற்றுள்ளது. ஏறுவது எளிது என்பது உண்மையே. ஆனால் மேலே நிலவுவது ஏறத்தாழ வடதுருவத்தை ஒத்த காலநிலை ஆகும். மலைநடைக்கான திட்டமிடல் இவ்வேறுபாட்டை உணர்வதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாதையும் நேரக் கணக்கும்

வழக்கமான பாதை, வாகன நிறுத்துமிடத்திலிருந்து சறுக்குத் தளத்தின் கிழக்கே உள்ள முகட்டின் வழியாக டார்மிகன் கட்டடத்தை (1,097 மீ.) அடைகிறது. அங்கிருந்து ஏறத்தாழ தெற்கு நோக்கி மேலும் 150 மீட்டர் அளவு ஏறினால் உச்சி வரும். உச்சியில் தானியங்கி வானிலை நிலையம் ஒன்று உள்ளது. திரும்பும்போது பலர் வந்த வழியை விட்டு, மேற்கே 1,141 மீட்டர் மேட்டுக்குச் சென்று, அங்கிருந்து கோரி காஸின் மேற்கு ஓரமாக வடக்கு நோக்கி இறங்கும் முகட்டைப் பின்பற்றுவர். கோரி என்பது பனியாறு குடைந்த கிண்ணம் போன்ற பள்ளத்தைக் குறிக்கும் கேலிக் சொல்லாகும்.

இச்சுற்றின் நீளம் சுமார் 7 கி.மீ., ஏற்றம் 600 மீட்டருக்குச் சற்று மேல். வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் வகுத்த விதிப்படி 5 கி.மீ. தொலைவுக்கு ஒரு மணி நேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரமும் கொள்ளப்படும். அவ்வாறு கணக்கிட்டால் ஏறத்தாழ 2½ மணி நேரம் வருகிறது. இது ஓய்வின்றி, நல்ல தரையில் நடப்பவருக்கான கணக்கு. புதியவர்கள் 4 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குவது நல்லது. சூன் மாதத்தில் பகற்பொழுது 18 மணி நேரத்தை நெருங்குவதால் கவலையில்லை. திசம்பரிலோ அது 7 மணி நேரத்துக்கும் குறைவு. பிற்பகல் மூன்றரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடும்.

கம்பிவட இரயில்

சறுக்குத் தளத்தின் கம்பிவட இரயில் 2001 திசம்பரில் தொடங்கப்பட்டது. அது டார்மிகன் கட்டடம் வரை செல்வதால், அதிலேறிப் போய் எஞ்சிய தொலைவை நடக்கலாம் எனப் பலரும் எண்ணுவதுண்டு. ஆனால் உயர்சமவெளியின் தாவரங்கள் மிதிபட்டு அழியாதிருக்கும் பொருட்டு, கோடையில் இரயிலில் வருவோர் தாமாக வெளியேறி மலையில் நடக்கக்கூடாது என்னும் விதியுடனேயே அது தொடங்கப்பட்டது. மேலும், கட்டமைப்புக் குறைபாடுகளால் 2018 இல் மூடப்பட்ட இரயில், 2023 சனவரியில் திறக்கப்பட்டு அதே ஆண்டு ஆகத்தில் மீண்டும் மூடப்பட்டது; 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் ஓடத் தொடங்கியது. களைத்துப்போனால் இரயிலில் இறங்கலாம் என்று திட்டமிடுவது அறிவுடைமை ஆகாது.

காற்றும் மூடுபனியும்

1986 மார்ச்சு 20 அன்று இவ்வுச்சியில் மணிக்கு 278 கி.மீ. வேகக் காற்று பதிவானது. இது ஐக்கிய இராச்சியத்தில் பதிவானவற்றுள் மிகக் கூடியதாகும். அத்தகைய காற்று அரிது. எனினும் நிமிர்ந்து நிற்க இயலாத காற்று இங்கு ஆண்டுதோறும் வீசுவதே. காற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும் உச்சி, வாகன நிறுத்துமிடத்தைவிடச் சுமார் 4 பாகை செல்சியசு குளிராக இருக்கும்.

பெரிய இடர் மூடுபனியே ஆகும். சறுக்குத் தளத்தின் வேலிகளும் இழுவைக் கம்பங்களும் கீழே வழிகாட்டிகள் போல உதவுகின்றன. மேலே சென்றபின் அவை இல்லை. தரையும் வானும் ஒரே வெண்மையாகிவிடும் குளிர்கால நாளில், உச்சியிலிருந்து தவறுதலாகத் தெற்கே நடப்பவர் முதலில் இதமான சரிவையே காண்பார். பின்னர் அது செங்குத்தாகி ஆவன் ஏரிப் பள்ளத்தில் இறங்கும். அங்கிருந்து சாலைக்குத் திரும்ப மீண்டும் மலையேற வேண்டும். மேற்கே 1,141 மீட்டர் மேட்டைத் தாண்டிவிட்டாலோ, கோரி அன் ட்ரெக்டாவின் பாறைச் செங்குத்துகள் உள்ளன. குளிர்காலத்தில் அவற்றின் விளிம்பில் காற்றால் தொங்குபனி உருவாகும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது உறுதியான தரையாகவே தோன்றும்.

1971 நவம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த பள்ளி மலைநடைக் குழு ஒன்று இவ்வுயர்சமவெளியில் பனிப்புயலில் சிக்கியது. 5 மாணவர்களும், அவர்களுடன் சென்ற 18 வயது உதவி வழிகாட்டியும் உயிரிழந்தனர். பிரித்தானிய மலை விபத்துகளில் மிகக் கொடியதாக இது கருதப்படுகிறது.

ஆகவே நிலவரைபடமும் திசைகாட்டியும் வைத்திருந்தால் மட்டும் போதாது. உச்சியிலிருந்து எத்திசையில் எவ்வளவு தொலைவு நடப்பது என்பதைப் புறப்படுமுன் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசி உதவும், ஆனால் குளிரில் மின்கலம் விரைவில் இறங்கிவிடும். காற்று முன்னறிவிப்பு கடுமையாக இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே முறை.

குளிர்காலத்தில்

பனிக்காலத்தில் இது நடை அன்று, மலையேற்றம். பனிக்கோடரி, காலணியில் பூட்டும் முட்தகடுகள், அவற்றைக் கையாளும் பயிற்சி ஆகியவை தேவை. ஸ்காட்லாந்தின் பனிச்சரிவுத் தகவல் சேவை அக்காலத்தில் வடக்கு கெய்ர்ன்கோர்ம்சு பகுதிக்கு நாள்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. நடப்போர் சறுக்குத் தடங்களின் நடுவே செல்லாது, ஓரமாக ஏறுவது வழக்கம். மேட்டுக்கு மறுபுறமிருந்து விரைந்து வரும் சறுக்குவோருக்கு அவர்கள் தெரியமாட்டார்கள்.

புறப்படுமுன் செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் கீழே ஒருவரிடம் கூறிச் செல்ல வேண்டும். விபத்து நேர்ந்தால் 999 என்ற எண்ணை அழைத்துக் காவல்துறையையும் மலைமீட்பையும் கேட்கலாம். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள். அவர்கள் கீழிருந்து நடந்து வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கும் உடையும் உணவும் பையில் இருத்தல் வேண்டும்.