நடுவரிடம் யார் கணக்குக் கேட்பது?

விளையாட்டில் நடுவரின் தீர்ப்பே இறுதி. எந்த ஆட்டத்தின் விதிநூலைப் புரட்டினாலும் இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் இருக்கும். அது இல்லாமல் ஆட்டம் நகராது. ஒவ்வொரு பந்துக்கும் வழக்காடினால் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் தீர்ப்பு இறுதியானது என்பது வேறு, தீர்ப்பளித்தவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது வேறு. ஆட்டம் முடிந்த பிறகு அந்தத் தீர்ப்பைச் சோதிப்பது யார், தவறு என்று தெரிந்தால் அதை வெளியே சொல்வது யார், டிக்கெட் வாங்கிப் பார்த்தவருக்கு அதில் ஏதாவது தெரியவருமா என்ற கேள்விகள் நெடுங்காலம் கேட்கப்படாமலே கிடந்தன. தமிழ்நாட்டில் அவை மீண்டும் மீண்டும் எழுந்த இடம் சென்னை சேப்பாக்கம் மைதானம்.

1986 செப்டம்பர் 22. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நடந்த டெஸ்டின் ஐந்தாம் நாள். இந்தியா வெல்ல 348 ரன் தேவை. கடைசி ஓவர் தொடங்கியபோது இன்னும் நான்கு ரன் பாக்கி, கையில் ஒரே ஒரு விக்கெட். கிரெக் மேத்யூஸ் பந்து வீசினார். ரவி சாஸ்திரி இரண்டாம் பந்தில் இரண்டு ரன்னும் மூன்றாம் பந்தில் ஒரு ரன்னும் எடுத்தார். ஸ்கோர் சமமாகிவிட்டது. நான்காம் பந்தை மணிந்தர் சிங் தடுத்தார். ஐந்தாம் பந்து அவர் காலில் பட்டது, ஆஸ்திரேலியர்கள் கத்தினார்கள், நடுவர் வி. விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். எல்பிடபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக ஆட்டம் டை ஆனது.

பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணிந்தர் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். தன் தீர்ப்பு சரிதான் என்று விக்ரம்ராஜுவும் விடாமல் சொன்னார். இருவரில் யார் சொல்வது உண்மை என்று அன்று சோதித்துப் பார்க்க வழியில்லை. மூன்றாவது நடுவர் கிடையாது, பந்தின் பாதையைக் கணித்துக் காட்டும் கருவி கிடையாது, மட்டையில் பட்ட ஓசையை அளக்கும் மைக்கும் கிடையாது. அதன்பின் விக்ரம்ராஜு எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பை யாராவது முறையாக ஆராய்ந்தார்களா, ஆராய்ந்திருந்தால் முடிவு என்ன என்பது பொதுமக்களுக்கு எட்டவே இல்லை. தீர்ப்பு தவறு என்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சரி என்றால் அவரைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காததால், ஒரு மனிதரின் பெயர் ஒரே ஒரு பந்தோடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஒரு நாட்டில் நடக்கும் டெஸ்டுக்கு அந்த நாட்டு நடுவர்களே நிற்பார்கள். விருந்தாளி அணி தோற்றால் பழி நடுவர்மீது விழும். சேப்பாக்கம் டெஸ்ட் இதற்கு நேர்மாறானது என்பதைக் கவனிக்க வேண்டும்: இந்திய நடுவர், இந்திய மண்ணில், இந்தியாவின் கடைசி ஆட்டக்காரருக்கு எதிராக விரல் தூக்கினார். ஊர்ப்பாசம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. இருந்தும் சந்தேகம் பொதுவாக நிலவிய காலம் அது. அதே ஆண்டு நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்டுக்கு, இம்ரான் கானின் முயற்சியால், வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரு இந்திய நடுவர்கள் அழைக்கப்பட்டார்கள். பொது நாட்டு நடுவர் என்ற முறைக்கு அது முன்னோடி. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவர், 2002 முதல் இருவருமே வெளிநாட்டவர் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) விதித்தது. 2002இல் அமைந்த உயர்நிலை நடுவர் குழுவில் இந்தியாவிலிருந்து இடம்பெற்றவர் சென்னைக்காரரான எஸ். வெங்கட்ராகவன். சுழற்பந்து வீச்சாளராகவும் இந்திய அணித் தலைவராகவும் இருந்துவிட்டு நடுவரானவர் அவர்; 73 டெஸ்ட்களில் நின்றார்.

பொது நாட்டு நடுவர் முறை ஊர்ப்பாசம் என்ற சந்தேகத்தைத்தான் போக்கியது. கண் தவறுவதற்கு அதில் மருந்தில்லை. அதற்கு வந்தது கேமரா. 1992 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மூன்றாவது நடுவர் டிவி பார்த்து ஒரு ரன் அவுட்டை முடிவு செய்தார். அப்படி வெளியேறிய முதல் ஆட்டக்காரர் சச்சின் டெண்டுல்கர்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 ஜனவரி சிட்னி டெஸ்டில் நிலைமை வெடித்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருந்தபோது மட்டையில் பட்டு விக்கெட் கீப்பரிடம் போன பந்துக்கு நடுவர் ஸ்டீவ் பக்னர் அவுட் தரவில்லை. சைமண்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். பட்டது உண்மை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். இந்தியா தோற்றது, இந்திய கிரிக்கெட் வாரியம் புகார் செய்தது, அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து பக்னர் விலக்கப்பட்டார். இது பொறுப்பேற்பு போலத் தோன்றலாம். உண்மையில் பணபலமுள்ள வாரியம் ஒன்று அழுத்திக் காரியம் சாதித்தது இது. இதே தவறு ஜிம்பாப்வேக்கு நடந்திருந்தால் நடுவர் மாறியிருப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அதே ஆண்டு இலங்கையில் இந்தியா ஆடிய தொடரில்தான், நடுவரின் தீர்ப்பை மறுஆய்வு செய்யும்படி வீரர்கள் கேட்கும் டிஆர்எஸ் முறை முதலில் சோதிக்கப்பட்டது. வேடிக்கையாகத் தோன்றினாலும், சிட்னியில் நீதி கேட்ட இந்திய வாரியமே இருநாட்டுத் தொடர்களில் டிஆர்எஸ்ஸை 2016 நவம்பர் வரை தள்ளிப் போட்டது. இன்று அந்த முறை எல்லோருக்கும் பழகிவிட்டது. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் என்று கருவி காட்டினால் மைதான நடுவரின் முடிவே நிற்கும். அதுதான் ‘அம்பயர்ஸ் கால்’. மூன்றாவது நடுவர் பேசுவது நேரலையில் கேட்கிறது. முதலில் காலடி, பிறகு மட்டை, பிறகு பந்தின் பாதை என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தீர்ப்பைவிட, தீர்ப்புக்கு வந்த வழி காதில் விழுவதுதான் இதில் பெரிய விஷயம். முடிவு பிடிக்காதவருக்கும் காரணம் தெரிகிறது.

சேப்பாக்கத்தில் 2019 டிசம்பர் 15 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடந்த ஒருநாள் ஆட்டம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ராஸ்டன் சேஸ் எறிந்த பந்து நேராக ஸ்டம்பைத் தாக்கியது. ரவீந்திர ஜடேஜா கோட்டைத் தொட்டுவிட்டதாக எண்ணிய நடுவர் மூன்றாவது நடுவரிடம் கேட்கவில்லை. சற்று நேரத்தில் மைதானத்துப் பெரிய திரையில் காட்சி ஓடியது. ஜடேஜா வெளியே இருந்தது தெரிந்தது. வீரர்கள் திரண்டு போய்க் கேட்ட பிறகு விஷயம் மேலே போய் அவுட் ஆனது. தீர்ப்பு சரியாகிவிட்டது, ஆனால் வெளியே டிவி பார்ப்பவர்கள் ஆட்டத்தை நடத்தக் கூடாது என்று இந்திய அணித் தலைவர் விராட் கோலி கோபப்பட்டார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தவறைத் திருத்த வேண்டும். ஆனால் திருத்தும் வழி எல்லோருக்கும் ஒன்றாக, முன்கூட்டியே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். திரையில் ஓடிய காட்சிகளுக்கு மட்டும் நீதி என்றால், ஓடாத காட்சிகளின் கதி என்ன?

அதே 2019 மார்ச் 28 அன்று பெங்களூரு ஐபிஎல் ஆட்டத்தில் லசித் மலிங்கா வீசிய கடைசிப் பந்து நோ-பால். கோட்டை நன்றாகவே தாண்டியிருந்தார். நடுவர் எஸ். ரவி கவனிக்கவில்லை, மும்பை 6 ரன்னில் வென்றது. இது கிளப் ஆட்டமல்ல என்று, தோற்ற பெங்களூரு அணியின் தலைவர் கோலி வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். ரவி அப்போது ஐசிசி உயர்நிலைக் குழுவில் இருந்த ஒரே இந்தியர். அந்த ஜூலையில் வெளியான புதிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒரு நோ-பாலுக்காக அவர் நீக்கப்பட்டார் என்று சொல்ல ஆதாரமில்லை; மதிப்பீட்டில் அவர் எங்கே நின்றார் என்பதை ரசிகர் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. விக்ரம்ராஜுவுக்கு நேர்ந்ததன் சாயல் இதில் இருக்கிறது. அமைப்பளவில் மட்டும் நல்லது நடந்தது: முன்கால் நோ-பாலைக் கேமரா வழியே மூன்றாவது நடுவர் பார்க்கும் முறை அந்த டிசம்பரில் சோதிக்கப்பட்டு, 2020இல் ஐபிஎல்லிலும் வந்தது. பந்து வீசுபவரின் காலையும் பந்து போகும் இடத்தையும் ஒரே கணத்தில் ஒரே ஆள் பார்க்க வேண்டிய சுமை குறைந்தது.

ஐசிசி தன் நடுவர்களை மதிப்பிடாமல் இல்லை. ஆட்டத்தின் ஒவ்வொரு தீர்ப்பும் வீடியோவில் அலசப்படுகிறது, மேட்ச் ரெஃப்ரி அறிக்கை தருகிறார், ஆண்டுதோறும் குழு புதுப்பிக்கப்படுகிறது. எல்லாம் நான்கு சுவருக்குள். இன்னொரு பக்கம், நடுவரைப் பற்றி வீரர் வெளியே பேசுவதே குற்றம். 2023 ஏப்ரல் 12 அன்று சேப்பாக்கத்தில் சென்னையை ராஜஸ்தான் மூன்று ரன்னில் வென்றது. ராஜஸ்தானுக்காக ஆடிய ஆர். அஸ்வின், பனியால் நனைந்த பந்தை யாரும் கேட்காமல் நடுவர்களே மாற்றியது வியப்பாக இருந்தது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அவருக்கு ஆட்டச் சம்பளத்தில் 25 சதவீதம் அபராதம். அவர் யாரையும் திட்டவில்லை. விதியைப் பற்றிக் கேள்வி கேட்டார். ஸ்டம்பை உடைப்பதற்கும் நியாயமான கேள்விக்கும் அளவில் வேறுபாடு காட்டினாலும், இரண்டையும் குற்றப் பட்டியலிலேயே வைக்கும் விதி திருத்தப்பட வேண்டியது. அன்றிரவே பந்தை மாற்றிய காரணத்தை இரண்டு வரியில் வெளியிட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனின் கதை இன்னும் கடுமையானது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் சொன்னார். முரளி எதிர்முனைக்கு மாறினார். அங்கு நின்ற ஸ்டீவ் டன் ஒரு முறைகூட நோ-பால் சொல்லவில்லை. ஒரே கை, ஒரே ஆட்டம், இரண்டு முனைகளில் இரண்டு நீதி. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. ஆய்வகங்களில் அவர் கையை அளந்தார்கள். மற்ற வீச்சாளர்களையும் அளந்தபோது, சுத்தமாக வீசுவதாக நம்பப்பட்ட பலரின் முழங்கையும் ஓரளவு வளைந்து நிமிர்வது தெரியவந்தது. 2005இல் எல்லா வீச்சாளருக்கும் 15 டிகிரி வரம்பு வந்தது. நடுவரின் கண்ணுக்கு மேல் ஓர் அளவுகோல் வந்தால் நடுவரின் மதிப்பு குறையும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் அந்த அளவுகோல் இல்லாதபோதுதான் ஒரு வீச்சாளரின் மானம் பல ஆண்டு சந்தேகத்தில் தொங்கியது.

உலகில் வேறு சில அமைப்புகள் துணிந்து கதவைத் திறந்திருக்கின்றன. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் 2015 முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளைச் சரி, தவறு என்று மறுநாள் வெளியிடுகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ஆஃப்சைடு என்று தவறாக மறுக்கப்பட்டது. மைதானத்தில் கோல் தரப்பட்டுவிட்டதாக நினைத்து, சோதனை முடிந்தது என்று வீடியோ நடுவர் சொல்லிவிட்டார். நடுவர் அமைப்பு அந்த ஒலிப்பதிவையே வெளியிட்டது. தவறு தீய எண்ணத்தால் அல்ல, பேச்சுக் குழப்பத்தால் நேர்ந்தது என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. இலங்கை நடுவர் குமார் தர்மசேன 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஐந்து ரன் தர வேண்டிய இடத்தில் ஆறு தந்தார். பிறகு டிவியில் பார்த்தபோது அது பிழை என்று தெரிந்ததாக அவரே இலங்கைப் பத்திரிகை ஒன்றிடம் சொன்னார். அவர் பதவி போகவில்லை, இன்றும் மதிக்கப்படுகிறார்.

நடுவர்மீதான கோபம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2005இல் செல்சி, பார்சிலோனா ஆட்டத்துக்குப் பின் கொலை மிரட்டல்கள் வந்ததால் சுவீடன் ரெஃப்ரி ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க் தொழிலையே விட்டார். இன்று ஒரு தவறான அவுட்டுக்கு நடுவரின் குடும்பப் படங்கள்வரை தேடி வசைபாடுகிறார்கள். நியமித்த அமைப்பு வாய் திறக்காதபோது அந்த இடத்தைக் கும்பல் பிடித்துக்கொள்கிறது. அமைப்பு முன்னால் வந்து பதில் சொன்னால் நடுவர் தனியாளாக மாட்டிக்கொள்ள மாட்டார்.

கேமராவும் வாரியமும் இல்லாத களங்களே நம்மிடம் அதிகம். செஞ்சி, சிங்கவரம் பக்கத்து ஊர்களில் பொங்கலை ஒட்டி நடக்கும் கபடியில் நடுவரின் வேலை கிரிக்கெட்டைவிடக் கடினம். 30 வினாடி ரைடுக்குள் ரைடரின் கை யார்மீது பட்டது, பாடுவது நின்றதா, ஆறு பேருக்குக் குறையாமல் எதிரில் நிற்கிறார்களா, போனஸ் கோட்டை ஒரு கால் தாண்டியபோது பின்னங்கால் தரையை விட்டு எழும்பியிருந்ததா என்று எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். விதியே இரண்டாக இருந்தால் அனுபவசாலியும் திணறுவார். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் அதுதான் நடந்தது. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று இருந்தபோது இந்திய ரைடர் பவன் ஷெராவத் யாரையும் தொடாமல் களத்தின் ஓரப் பகுதியான லாபியில் கால் வைத்தார். ஈரானியரும் பின்னால் போனார்கள். பழைய விதிப்படி பின்தொடர்ந்தவர்களும் அவுட், புதிய விதிப்படி இல்லை. தீர்ப்பு மாறி மாறி வந்தது, இரு அணியும் பாயில் உட்கார்ந்துவிட்டன, ஆட்டம் ஒரு மணிநேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது.

தடகளத்தில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ரெஃப்ரியிடம் முறையிடலாம். அதிலும் நிறைவில்லை என்றால் மேல்முறையீட்டுக் குழுவிடம் எழுத்து மூலம், வைப்புத் தொகை கட்டிப் போகலாம். முறையீடு ஏற்கப்பட்டால் தொகை திரும்பக் கிடைக்கும். ஊர்ப் போட்டிக்கும் இது பொருந்தும். எந்த விதிப்படி ஆட்டம் என்று விழாக் கமிட்டி முதல் ஆட்டத்துக்கு முன்பே மைக்கில் அறிவிக்கலாம், மூன்று மூத்த ஆட்டக்காரர்களை முறையீடு கேட்க உட்கார வைக்கலாம், முடிவையும் காரணத்தையும் ஸ்கோர் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கலாம். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.